முள்ளுக்காட்டுக்குள் இரண்டு மணி நேரம்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் சாலையில் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் வந்தால் துவாக்குடி. வரும் வழியில் திருவெறும்பூர் பக்கம் பெல் கொதிகலன் ஆலை. அதற்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் பட்டறைகளும் சிட்கோ தொழிற்பேட்டையும் துவாக்குடியைச் சுற்றி. 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2003இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக மாறிய என்.ஐ.டி. ஒருபுறம், துவாக்குடிமலையில் அரசு கலைக் கல்லூரி இன்னொருபுறம். நெடுஞ்சாலையில் லாரிகள் ஓய்வதில்லை. வாரம் முழுக்க ஷிப்டு பார்த்த குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பச்சையாக ஓர் இடத்துக்குப் போகலாம் என்று பேச்செடுத்தால், அந்தப் பேச்சு நேராகக் கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ போய்விடுகிறது. பக்கத்தில் ஏது காடு, வெறும் முள்ளும் பாறையும்தானே என்பது இங்கே பலருடைய எண்ணம்.

அந்த எண்ணத்தைத்தான் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். முள்ளும் பாறையும் கலந்த அந்த நிலம்தான் இந்தப் பகுதியின் இயற்கையான காடு. எச்.ஜி. சாம்பியன், எஸ்.கே. சேத் இருவரும் இந்தியக் காடுகளை வகைப்படுத்தி 1968இல் வெளியிட்ட பட்டியலைத்தான் வனத்துறை இன்றும் பின்பற்றுகிறது. அதில் 16 பெரும் பிரிவுகள் உண்டு. மழைக்காட்டுக்கும் மலைச்சோலைக்கும் இடம் கொடுத்த அதே பட்டியலில் வெப்பமண்டல முள்காட்டுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. ஆண்டுக்கு 80 முதல் 90 சென்டிமீட்டர் வரை மழை, அதில் பாதிக்குப் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் வந்து கொட்டிவிடும். பிறகு மாதக்கணக்கில் வெயில். அடியில் சரளை கலந்த செம்மண். இந்த நிலைமையில் எது தாக்குப்பிடிக்குமோ அதுதான் இங்கே வளர்ந்து நிற்கிறது. ஆனால் காகிதத்தில் இந்தக் காட்டுக்கு மதிப்பு குறைவு. மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பு, புதர்க்காடுகளையும் தரிசின் வகைகளில் ஒன்றாகவே எண்ணுகிறது.

தரிசு என்று எழுதிவைக்கப்பட்ட நிலத்தில் ஓர் உசிலை மரத்தை நெருங்கிப் பார்க்கலாம். அதன் இலை ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். ஒரு சிற்றிலை அரிசிமணி அளவுகூட இருக்காது. அகலமான இலையின் மேல் சூடான காற்று ஒரு படலமாகத் தங்கிவிடும். அந்தச் சூட்டைத் தணிக்க இலை தண்ணீரை ஆவியாக்கியே தீர வேண்டும். சிற்றிலையின் மேல் அந்தப் படலம் மெல்லியது, லேசாகக் காற்று வீசினாலே சூடு கலைந்துவிடும், தண்ணீர் மிச்சம். இந்த இலையைக் காயவைத்து இடித்ததுதான் தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் அரப்புப் பொடி. இலையில் உள்ள சப்போனின் என்ற வேதிப்பொருள்தான் நுரை தருகிறது. உசிலையின் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால், உரம் இல்லாத சரளை மண்ணிலும் அது பிழைத்துக்கொள்கிறது.

பக்கத்திலேயே சூரைப் புதர் இருக்கும். வளைந்த முள், வேட்டியைப் பிடித்தால் விடாது. ஆடு மாடு நெருங்க முடியாத அந்தப் புதருக்குள் விழுந்த வேப்பங்கொட்டை பத்திரமாக முளைக்கிறது. சில ஆண்டுகளில் புதரைத் துளைத்துக்கொண்டு வேம்பு வெளியே தலைகாட்டும். சூரைப்பழம், காரைப்பழம், இலந்தை, கிளாக்காய் எல்லாவற்றையும் சின்னான் குருவிகள் தின்றுவிட்டு விதையை அடுத்த புதரடியில் போட்டுவிட்டுப் போகும். முள்காடு தன்னைத்தானே விதைத்துக்கொள்ளும் முறை இது.

இந்தக் காட்டின் மதிப்புக்கு அரசே கொடுத்த சான்று ஒன்று இருக்கிறது. திருச்சிக்குத் தென்மேற்கே கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரவிய கடவூர்ப் பகுதிக் காடுகள் 2022 அக்டோபரில் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பரப்பு 11,806 ஹெக்டேர். தேவாங்குக்காக இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் இதுதான். பகலெல்லாம் மறைந்திருந்து இரவில் பூச்சி பிடித்துத் தின்னும் அந்தச் சிறு உயிர், கிளையிலிருந்து கிளைக்குத் தாவாமல் மெல்லப் பிடித்துப் பிடித்து நகரும். கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் முள்மரக் கூட்டம் அதற்கு ஏற்ற இடம். நடுவே சுத்தம் செய்கிறோம் என்று புதர்களை வெட்டி இடைவெளி விட்டால் அதற்கு வழியில்லாமல் போகும்.

சரி, குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு இப்படி ஒரு காட்டில் நடக்க எங்கே போவது? துவாக்குடிக்காரர்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய இடம் நார்த்தாமலை. துவாக்குடியிலிருந்து அரைவட்டச் சுற்றுச்சாலையில் மாத்தூர் போய், புதுக்கோட்டைச் சாலையைப் பிடித்துக் கீரனூர் தாண்டினால், பாறைக் குன்றுகள் வரிசையாகத் தெரியத் தொடங்கும். மேலமலை, கடம்பர்மலை, கோட்டைமலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது. எதுவும் பெரிய உயரமில்லை. மேலமலையின் சரிவில் 9ஆம் நூற்றாண்டில் முத்தரையர் காலத்தில் எழுந்த விஜயாலய சோழீச்சரம் நிற்கிறது. சதுரச் சுவருக்குள்ளே வட்டக் கருவறை கொண்ட கோயில். எதிரே பாறையைக் குடைந்த இரண்டு குடைவரைகள். ஒன்று பழியிலி ஈச்சரம். சமணர் குடகு என்று ஊரார் சொல்லும் மற்றொன்றின் சுவரில் பன்னிரண்டு திருமால் உருவங்கள் ஆளுயரத்தில் வரிசையாக நிற்கின்றன.

ஊரிலிருந்து கோயில்வரை போவது மண்பாதையும் மொட்டைப் பாறையும் மாறி மாறி வரும் நடை. ஏற்றம் மெதுவானது, படிக்கட்டு அவசியமில்லை. இந்தப் பாறைகள் பூமிக்கு அடியில் ஆழத்தில், பெரும் அழுத்தத்தில் உருவானவை. மேலே இருந்த நிலம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துக்கொண்டு போனதும் அழுத்தம் விலகி, பாறை விரிந்து, வெங்காயச் சருகுபோல அடுக்கடுக்காகப் பிரிகிறது. நார்த்தாமலையில் காலடியில் பலகை பலகையாகப் பெயர்ந்து கிடப்பவை அந்த அடுக்குகள்தான். மேற்பரப்பு வழவழப்பான குவிந்த வடிவம் கொள்வதற்கும் அதுவே காரணம். குடைவரை வெட்டிய சிற்பிகளுக்கும் பாறையின் இந்தக் குணம் தெரிந்திருக்கத்தான் வேண்டும்.

பாறையில் ஆங்காங்கே சுனைகள். தொடக்கத்தில் அது உள்ளங்கை அளவுப் பள்ளமாக இருந்திருக்கும். மழைநீர் தேங்கி, பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தை மெல்ல மெல்லக் களிமண்ணாக மாற்றும். நீர் வற்றியதும் அந்தத் தூளைக் காற்று அள்ளிக்கொண்டு போகும். அடுத்த மழையில் பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமாகும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இதே வேலை நடந்தால் கோடையிலும் நீர் நிற்கும் சுனை கிடைக்கிறது. மேலமலைக்குப் போகும் வழியில் தலையருவிச் சிங்கம் என்று ஒரு சுனை இருக்கிறது. அதன் உள்ளே பாறையைக் குடைந்து அமைத்த சிவலிங்கம் நீருக்கடியில் மூழ்கியே இருக்கும், நீரை இறைத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். மனிதன் அங்கே நிரந்தரமாகத் தங்கியதற்கும் கோயில் எழுப்பியதற்கும் முதல் காரணம் இந்த நீர்தான்.

பாறைமேல் சாம்பல், மஞ்சள், கறுப்பு நிறங்களில் திட்டுத் திட்டாக ஒட்டியிருப்பது பாசி என்று பலரும் நினைப்பார்கள். அது பாறைப்பூ எனப்படும் லைக்கன், பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர். பாறையோடு ஒட்டி வளரும் வகைகள் பல ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. பெயரைச் செதுக்குவதற்காகச் சுரண்டும் ஒரு கை அளவு இடம் பழையபடி ஆக ஒரு தலைமுறைக்கு மேல் பிடிக்கும். இதுபோலவே, இழந்தால் எளிதில் திரும்பாதவை புதுக்கோட்டை வட்டாரத்து அய்யனார் கோயில் காடுகள். வெட்டக்கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாட்டால் தப்பிய அந்தச் சிறு தோப்புகளில், ஒரு காலத்தில் கிழக்குக் கரைச் சமவெளியில் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

எளிய நடை என்று எதைச் சொல்வது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன விதி அது. மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நம் அளவில் சொன்னால் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாகப் பத்து நிமிடம். திருச்சி மலைக்கோட்டைப் பாறை 83 மீட்டர் உயரம், இந்த விதிப்படி எட்டு நிமிடக் கூடுதல். திருவெறும்பூர் எறும்பீசர் கோயில் குன்று சுமார் 60 அடிதான், அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. நெய்ஸ்மித் கணக்குப் போட்டது பழகிய கால்களுக்கு. குழந்தையும் பாட்டியும் கூட வந்தால் விடையை ஒன்றரையால் பெருக்கிக்கொள்வது நல்லது.

ஏற்றம் இல்லாவிட்டாலும் காட்டுப்பாதை சாலையைவிடக் கடினம். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 2.5 சென்டிமீட்டர்வரை மேடுபள்ளம் வைத்த தளத்தில் ஆட்களை நடக்கவிட்டு மூச்சை அளந்தார்கள். சமதளத்தைவிட உடல் 28 சதவீதம் கூடுதல் ஆற்றலைச் செலவிட்டது. ஒவ்வொரு அடியிலும் கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் சமநிலையைத் திருத்திக்கொண்டே இருப்பதுதான் செலவு. மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றி நடப்பவருக்குக் கிடைக்காத பயிற்சி இது. வயது ஏற ஏற நாம் முதலில் இழப்பதும் இந்தச் சமநிலையைத்தான். இறக்கத்தில் மூச்சு வாங்காது என்றாலும், தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் மறுநாள் வலி அங்கிருந்துதான் வரும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறும்போது யோசிப்பதைவிட இறங்கும்போது யோசிக்க வேண்டும்.

அப்படிப்பட்டவர்களுக்கு ஏற்ற இடம் ஸ்ரீரங்கம் தீவின் மேற்கே இருக்கிறது. மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே மேலணைக் காப்புக்காட்டில் 25 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் வனத்துறை அமைத்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015 நவம்பரில் திறக்கப்பட்டது. ஆற்று வண்டல் மண், தரை சமம், குழந்தை வண்டியையும் தள்ளிக்கொண்டு போகலாம். நூற்றுக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. கூண்டில் அடைத்து வளர்த்ததால் வந்த எண்ணிக்கை இல்லை இது. புழுவுக்கு எந்தச் செடி உணவு, வளர்ந்த பூச்சிக்கு எந்தப் பூவில் தேன் என்று பார்த்து நட்டார்கள், பூச்சிகள் தாமாக வந்து சேர்ந்தன.

இங்கே அரை மணி நேரம் பொறுமையாக நின்றால் உயிரியலின் பெரிய பாடம் ஒன்றைக் கண்ணால் பார்க்கலாம். சிவப்புடல் அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு ஆடுதீண்டாப்பாளை இலையைத் தின்று வளர்கிறது. அந்தச் செடியின் நஞ்சு புழுவின் உடலில் சேர்ந்து, சிறகு முளைத்த பிறகும் தங்கிவிடும். ஒருமுறை கடித்துத் துப்பிய பறவை மறுமுறை அந்தப் பக்கம் போகாது. அதே தோட்டத்தில் பறக்கும் கறிவேப்பிலை அழகிக்கு நஞ்சு கிடையாது. அதன் புழு தின்பது நம் வீட்டுக் கொல்லையிலுள்ள கறிவேப்பிலையும் எலுமிச்சையும். ஆனால் அந்த இனத்தில் பெண் பூச்சிகள் மூன்று வேடங்களில் வரும். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். ஒன்று உரோசா அழகியைப் போல, மற்றொன்று சிவப்புடல் அழகியைப் போல. நஞ்சுள்ளவற்றின் உடை போட்டுக்கொண்டு பறவையிடமிருந்து தப்பிக்கிறது. அசலையும் போலியையும் பிரித்தறிய சிறகைப் பார்த்துப் பயனில்லை, உடலைப் பார்க்க வேண்டும். அசலின் உடல் சிவப்பு, போலியின் உடல் கறுப்பு.

ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்து இத்தனை வேடங்கள் எப்படி வருகின்றன என்பது நூறாண்டுக்கு மேலாக அறிவியலாளர்களைக் குடைந்த கேள்வி. பல மரபணுக்கள் ஒரு கட்டாகச் சேர்ந்து இதைச் செய்கின்றன என்று நினைத்தார்கள். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த கிருஷ்ணமேக் குண்டேயும் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2014இல் நேச்சர் இதழில் விடையை வெளியிட்டார்கள். டபுள்செக்ஸ் என்ற ஒற்றை மரபணுவின் வெவ்வேறு வடிவங்களே இந்த வேடங்களைத் தீர்மானிக்கின்றன. பூச்சிகளில் ஆண், பெண் உடலமைப்பு வேறுபாட்டை முடிவுசெய்யும் அதே மரபணுதான் இங்கே சிறகின் ஓவியத்தையும் எழுதுகிறது. இவ்வளவு பெரிய கதையின் நாயகி மேலூரில் டிக்கெட் வாங்கி உள்ளே போனால் கண்ணெதிரே பறக்கிறாள்.

நேரம் மட்டும் பார்த்துப் போக வேண்டும். பறவைகளுக்குத்தான் விடிகாலை ஏற்றது. வண்ணத்துப்பூச்சிக்கு நெஞ்சுத் தசை சூடேறினால்தான் பறக்க முடியும். அதுவரை இலைமேல் சிறகை விரித்து வெயில் காயும். 9 மணியிலிருந்து 11 மணிவரை அவற்றின் நேரம். காய்ந்த கிலுகிலுப்பைச் செடியில் நீல வரியன் பூச்சிகள் கூட்டமாக மொய்ப்பதைக் கண்டால் அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பெண்ணைக் கவரும் வாசனைப் பொருளைத் தயாரிக்கத் தேவையான வேதிப்பொருள் அந்தச் செடியில் இருக்கிறது.

இவ்வளவு தூரமும் போக முடியாதவர்களுக்கு ஏரிக்கரை இருக்கிறது. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால், திருச்சி நகரத்தின் நடுவே ஓடி, கடைசியில் துவாக்குடியை ஒட்டிய வாழவந்தான்கோட்டை ஏரியில் வந்து சேர்கிறது. நகரத்துக்குள் அதில் கலக்கும் கழிவுநீரைப் பார்த்தால் வயிறு எரியும். என்றாலும் நடைக்கு ஏற்றம் என்பதே இல்லாத பாதை ஏரிக்கரைதான், ஏனென்றால் நீர்மட்டத்தை ஒட்டியே கரை போட்டாக வேண்டும். மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்திருக்கும்போது நத்தைகுத்தி நாரையும் முக்குளிப்பானும் நீலத்தாழைக்கோழியும் கரையிலிருந்தே தெரியும். ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிக்குப் போகலாம். 1999இல் பறவைகள் சரணாலயமான இந்த ஏரி 2024 ஜனவரியில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மத்திய ஆசியாவில் முட்டையிட்டு, இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து குளிர்காலத்தில் இங்கே இறங்குகிறது.

வடக்கே துறையூர்ப் பக்கம் கொல்லிமலை அடிவாரத்தில் புளியஞ்சோலை, சோபனபுரம் வழியாக ஏறிப் போகும் பச்சைமலை, இரண்டும் பலருக்குத் தெரிந்த இடங்கள். புளியஞ்சோலையில் ஓடைக்கரை நிழலிலேயே நடக்கலாம். மலைமேல் மழை பெய்தால் அடிவாரத்தில் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

காட்டில் நடந்தால் உடம்புக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் அளவறிந்து சொல்ல வேண்டும். 1984இல் ரோஜர் அல்ரிச் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு பலராலும் சொல்லப்படுவது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் 23 இணைகளை அவர் ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாட்களில் வீடு திரும்பினார்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாட்களில். முதல் பிரிவினர் கேட்ட வலிமையான வலிநிவாரணியும் குறைவு. 2019இல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் தகவல்களை ஆராய்ந்தவர்கள், வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது இயற்கையான இடத்தில் இருந்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாகச் சொல்வது கூடுதல் என்று கண்டார்கள். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் இருந்தாலும், நான்கு நாள் அரை மணி நேரமாகப் பிரித்தாலும் பலன் ஒன்றே. உடல்நலம் உள்ளவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற கேள்வி இந்த வகை ஆய்வில் எப்போதும் மிச்சமிருக்கும்.

ஜப்பானில் 1982இல் வனத்துறை தொடங்கிவைத்த 'காட்டுக் குளியல்' பற்றி இப்போது தமிழிலும் நிறையப் பேசுகிறார்கள். மரங்கள் விடும் வாசனைப் பொருள்கள் நோயெதிர்ப்பு அணுக்களைத் தூண்டுகின்றன என்ற ஆய்வுகள் சிறு குழுக்களை வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே உள்ளவை பெரும்பாலும் ஊசியிலை மரங்கள். அந்த முடிவை அப்படியே தூக்கி உசிலைக்கும் வேலமரத்துக்கும் ஒட்டவைப்பது சரியில்லை. நம் முள்காட்டில் நடப்பவர்களை அளந்து பார்க்க வேண்டியது நம் கல்லூரிகளின் வேலை. நடையின் பலனுக்கு மட்டும் யாருடைய சான்றிதழும் தேவையில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு இருக்கும் ஊரில், வாரம் இரண்டு மணி நேர நடையே பெரிய மருந்து.

பருவம் முக்கியம். கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசிவரை நல்ல காலம். சித்திரையில் திருச்சியில் 40 டிகிரி என்பது சாதாரணம், மொட்டைப் பாறை அதைவிடச் சுடும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் உடலிலிருந்து சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். நம்மைக் காப்பது அந்த ஒரே வழிதான். காற்றில் ஈரம் கூடினால் வியர்வை ஆவியாகாமல் வழிந்துவிடும், குளிர்ச்சியும் கிடைக்காது. அதனால் வெயில் காலத்தில் காலை 8 மணிக்குமேல் பாறையில் இருக்க வேண்டாம்.

கோடைக்கு இன்னொரு ஆபத்து தீ. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையில் நடந்து திரும்பியவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததில் 23 பேர் உயிரிழந்தார்கள். தீ மேல்நோக்கி ஏறும்போது, தன் வெப்பத்தால் முன்னால் இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துக்கொண்டு போகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பாளர்களின் கணக்கு. அந்தத் துயரத்துக்குப் பிறகு மாநில அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டு, உள்ளூர் வழிகாட்டிகளோடு நடத்தப்படுகின்றன. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை. பாறை இடுக்கிலும் சருகிலும் படுத்திருக்கும் சுருட்டை விரியன் சிறியது, மண்ணின் நிறத்தோடு கலந்திருக்கும். பார்க்காமல் கை வைப்பதும் இடுக்கில் கால் விடுவதும் கூடாது, மூடிய காலணி கட்டாயம். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதோ கீறுவதோ உறிஞ்சுவதோ வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நஞ்சுமுறிவு மருந்து அங்கே இருக்கிறது. பாறை விளிம்பிலும் கோயில் விமானத்திலும் மலைத்தேனீ அடை தொங்கினால் சத்தமும் புகையும் இல்லாமல் விலகிவிடுவது நல்லது.

நடப்பவர்களாலும் காடு தேயும். சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்று 163 மீட்டர்தான், நம் மலைக்கோட்டையைப் போல இரண்டு மடங்கு. நகரத்துக்குள்ளேயே இருப்பதால் கூட்டம் கூடி, பாதை அரித்து, மரவேர் வெளியே வந்தது. 2014இல் மூடிச் சீரமைத்து 2016 அக்டோபரில்தான் முழுமையாகத் திறந்தார்கள். மண்பாதையில் சேதத்தின் பெரும்பகுதி முதல் சில நூறு காலடிகளிலேயே நடந்துவிடுகிறது. பிறகு எத்தனை பேர் நடந்தாலும் கூடுதல் சேதம் குறைவு. அதனால் ஆளுக்கொரு குறுக்குவழி போவதைவிட எல்லோரும் ஒரே பாதையில் போவதுதான் காட்டுக்கு நல்லது. சரிவில் நேராக இறங்கும் பாதை அடுத்த மழையில் ஓடையாகிவிடும். சரிவுக்குக் குறுக்கே சாய்ந்து போகும் பாதைதான் நிலைக்கும்.

இப்படிப் பாதை அமைத்துப் பராமரிக்கப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. இங்கிலாந்து 1968இல் நகரத்தை ஒட்டிய நாட்டுப்புறப் பூங்காக்களுக்குச் சட்டம் செய்தது. ஹாங்காங் 1976இல் சட்டம் இயற்றி, இன்று தன் நிலத்தில் ஏறக்குறைய 40 சதவீதத்தைப் பாதுகாத்து, நடைபாதைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்திருக்கிறது. நமக்கு வேண்டியது அதைவிடச் சின்னது. நார்த்தாமலையில் தூரமும் ஏற்றமும் நேரமும் எழுதிய தமிழ்ப் பலகை, பாறையில் வழி காட்டும் குறி, வாழவந்தான்கோட்டைக் கரையில் சீமைக்கருவேல் அகற்றிய நடைபாதை, ஞாயிற்றுக்கிழமை காலையில் துவாக்குடியிலிருந்து ஒரு டவுன் பஸ். வனத்துறை, தொல்லியல் துறை, நீர்வளத் துறை, துவாக்குடி நகராட்சி நான்கும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் முடிகிற வேலை. புதர் இருக்கும் இடத்தைத் தரிசு என்று எழுதிக் குவாரிக்கோ மனைக்கோ கொடுக்கும் முன், அதில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்ளவும் மக்களுக்கு உரிமை இருக்கிறது. அதுவரை காத்திருக்காமல், வரும் மார்கழியில் ஒரு ஞாயிறு காலை 6 மணிக்குக் கிளம்புங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, மூடிய காலணி போதும். காலி பாட்டிலை மட்டும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.